வன்னி வெயிலுக்கு எந்த அத்தர் பொருந்தும்?

ஆடி முடிந்து ஆவணி பிறந்தால் வன்னியில் கலியாணங்கள் தொடங்கிவிடும். சீலை, நகை, மண்டபம், சாப்பாடு எல்லாம் ஒழுங்கான பிறகு கடைசியாக வருகிற கேள்வி, என்ன வாசனை பூசுவது என்பது. இந்த முறை என் மச்சாள் கேட்டாள். ஸ்பிரே வேண்டாம், கையால் வடித்த எண்ணெய் அத்தர் ஒன்று சொல்லுங்கள், கலியாணத்துக்கும் ஆகவேண்டும், பிறகு பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போகும்போது பூசவும் ஆகவேண்டும் என்றாள். அவளுக்குச் சொன்னதை, அதே யோசனையில் இருக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நாங்கள் பார்த்த தெரிவுகள் ஐந்து: சந்தன எண்ணெய், வெட்டிவேர் எண்ணெய், மல்லிகை அத்தர், மண் அத்தர், ஊத் என்கிற அகில் எண்ணெய். முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். நாளாந்தம் வெயிலில் போய்வருகிற ஆளுக்கு ஒரே ஒரு குப்பிதான் வாங்க முடியும் என்றால் அது வெட்டிவேர். மணப்பெண்ணுக்குச் சந்தனம். கலியாணத்துக்கு விருந்தாளியாகப் போகிறவருக்கு, அதுவும் பின்னேர வரவேற்பு என்றால், மல்லிகை. மண் அத்தர் உங்களுடைய சந்தோசத்துக்கு மட்டும். ஊத் பகலில் வேண்டவே வேண்டாம்.

ஏன் என்பதைச் சொல்ல, முதலில் தோலில் என்ன நடக்கிறது என்று பார்க்கவேண்டும். எந்த வாசனை எண்ணெயும் ஒரே பொருள் இல்லை, பல பொருட்களின் கலவை. இலேசானவை முதலில் பறக்கும், பாரமானவை கடைசிவரை தங்கும். எலுமிச்சை, தோடை மாதிரியான மணங்கள் தோலில் சில நிமிடங்கள்தான். பூ மணங்கள் ஒரு மணி, இரண்டு மணி நேரம். மரம், வேர், பிசின் மணங்கள் பாதி நாள் நிற்கும். ஸ்பிரேயில் உள்ள மதுசாரம் ஆவியாகும்போது மணத்தையும் தள்ளிக்கொண்டு போய் அறை முழுக்கப் பரப்பும். எண்ணெயில் அந்தத் தள்ளல் இல்லை. அது தோலோடு ஒட்டி நின்று, உடம்புச் சூட்டில் மெல்ல மெல்ல எழும். பக்கத்தில் வருகிறவருக்குத்தான் தெரியும்.

இந்த உடம்புச் சூட்டில்தான் எங்கள் ஊர்க் கணக்கு மாறுகிறது. கொழும்பில் ஏசி போட்ட கடையில் கையில் தடவிப் பார்த்த எண்ணெய் அங்கே ஒரு மணி நேரம் பூவாக மணக்கும். அதே எண்ணெயைப் பூசிக்கொண்டு பரந்தன் சந்தியில் மத்தியானம் பஸ்ஸுக்கு நின்றால், அந்தப் பூக் கட்டம் கால் மணித்தியாலத்தில் முடிந்து அடியில் உள்ளது வெளியே வந்துவிடும். சோளகம் அடிக்கிற மாதங்களில் காற்றும் சேர்ந்து இலேசான மணங்களை அள்ளிக்கொண்டு போகும். ஆகவே குப்பி வாயில் மூக்கை வைத்து முகர்வது இங்கே கிட்டத்தட்டப் பயனில்லாத சோதனை. உங்களோடு நாள் முழுக்க இருக்கப்போவது நாலாம் மணித்தியாலத்து மணம். அதைப் பார்த்துத்தான் தெரிவு செய்யவேண்டும்.

அந்த நாலாம் மணித்தியாலத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அத்தரின் அடி எண்ணெய். இந்தியாவில் உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜ் நகரம் அத்தருக்குப் பேர்போனது. அங்கே பழைய முறையில், பெரிய செப்புப் பாத்திரத்தில் பூவையும் தண்ணீரையும் போட்டு, மூடியைக் களிமண்ணால் அடைத்து, அடியில் விறகு மூட்டுவார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியாக, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி வைத்த இன்னொரு செப்புக் குடத்துக்குள் இறங்கும். அந்தக் குடத்தில் முதலே சந்தன எண்ணெய் இருக்கும். பூ மணம் அந்தச் சந்தனத்தில் ஏறும். குடத்தில் சேர்ந்த தண்ணீரை வடித்துவிட்டு, புதுப் பூப் போட்டுத் திரும்பவும் காய்ச்சுவார்கள். எண்ணெய் நன்றாக ஊறும்வரை இது நாட்கணக்கில் நடக்கும்.

சந்தனம் விலை ஏறிய பிறகு பல இடங்களில் அந்தக் குடத்துக்குள் திரவப் பரஃபின் போன்ற மணமில்லாத மலிவு எண்ணெய்கள் வந்துவிட்டன. இரண்டும் தொடக்கத்தில் ஒன்றுபோலவே மணக்கும். முதல் அரை மணி நேரத்தில் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். பூ போன பிறகு சந்தனம் போட்டது மெல்லிய பால் மணமாக இறங்கி நிற்கும். பரஃபின் போட்டது வெறும் எண்ணெய்ப் பிசுக்காக மிஞ்சும். வெள்ளைக் கடதாசியில் ஒரு சொட்டு விட்டு அடுத்த நாள் பார்ப்பதும் உதவும். மணம் முழுக்கப் போய், எண்ணெய் வளையம் மட்டும் பளபளவென்று இருந்தால் சந்தேகப்படலாம். ஆனால் சந்தனமும் வெட்டிவேரும் இயல்பாகவே மெதுவாகத்தான் காயும். அவற்றில் கறையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், கறையில் மணம் இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, ஒவ்வொன்றாக வருவோம்.

சந்தன எண்ணெய் பலருக்கு முதலில் ஏமாற்றம் தரும். பக்கெற்றில் வருகிற மஞ்சள் சந்தனத் தூளுக்கும் சவர்க்காரத்துக்கும் பழகிய மூக்கு, கூர்மையான இனிப்பு மணத்தை எதிர்பார்க்கும். உண்மையான சந்தன எண்ணெய் அப்படிக் கத்தாது. பூசின உடனே ஒன்றும் மணக்கவில்லையே என்று தோன்றும். பத்துப் பதினைந்து நிமிடம் போகட்டும், தோல் சூடேறியதும் காய்ச்சின பாலின் ஆடை மாதிரி மென்மையாக, கொஞ்சம் மரத்தூள் கலந்து எழும். பிறகு மணித்தியாலக் கணக்கில் பெரிய மாற்றமே இல்லாமல் நிற்கும். மற்ற எண்ணெய்களில் மூன்று கட்டம் தெரியும், இதில் ஒரே கட்டம், அது நீளமான கட்டம். காரணம், சந்தலோல் என்கிற பாரமான பொருள் அதில் நிறைய இருக்கிறது. இந்தியச் சந்தன மரத்தின் எண்ணெய்க்கு உள்ள சர்வதேசத் தரப்படி ஆல்பா சந்தலோல் 41 முதல் 55 சதவீதம், பீற்றா சந்தலோல் 16 முதல் 24 சதவீதம் இருக்கவேண்டும். அதே இன மரத்தை இப்போது மேற்கு அவுஸ்திரேலியாவின் கனனறாப் பக்கத்தில் தோட்டமாகவும் வளர்க்கிறார்கள். அவுஸ்திரேலியாவுக்கே உரிய வேறு இனச் சந்தனமும் இருக்கிறது. அதில் சந்தலோல் குறைவு, மணம் வறண்டது, விலையும் குறைவு. கடையில் "அவுஸ்திரேலியச் சந்தனம்" என்றால் எந்த மரம் என்று கேளுங்கள்.

குறை என்றால் விலைதான். அதோடு, மெல்லிய மணம் என்பதால் சனம் நிறைந்த மண்டபத்தில் உங்களுக்கும் உங்களைக் கட்டிப்பிடிக்கிறவர்களுக்கும் மட்டுமே தெரியும்.

வெட்டிவேர் பற்றி நான் கொஞ்சம் கூடுதலாகவே எழுதுவேன், ஏனென்றால் எங்கள் சுவாத்தியத்துக்கு இதைவிடப் பொருத்தமான எண்ணெயை நான் அறியேன். மண்பானைத் தண்ணீரில் ஒரு பிடி வேர் போட்டு வைத்துக் குடித்தவர்களுக்கு அந்த மணம் தெரியும். எண்ணெயில் அது இன்னும் செறிவு. தொடக்கம் எல்லாருக்கும் பிடிக்காது. வெட்டின பச்சைப்புல்லும், கிண்டின ஈர மண்ணும், தோல் சீவாத உருளைக்கிழங்கின் மணமும் சேர்ந்து முகத்தில் வந்து அடிக்கும். இந்தக் கட்டத்தில்தான் பலர் குப்பியை மூடித் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். இருபது நிமிடம் பொறுத்தால் பச்சை அடங்கும், உலர்ந்த மரம் வரும். ஒரு மணி நேரத்தில் மெல்லிய புகை. அதற்குப் பிறகு வியர்வையோடு கலக்கிறது பாருங்கள், அங்கேதான் மற்ற எல்லா எண்ணெயையும் இது முந்துகிறது. இனிப்பு மணங்கள் வியர்வையோடு சேர்ந்தால் சளித்துப் போகும். வெட்டிவேரில் இனிப்பு குறைவு, கசப்பும் மண்ணும்தான் அதிகம். அதனால் வியர்வை அதைக் கெடுப்பதில்லை. காலமை ஏழு மணிக்குப் பூசிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் மல்லாவி போய்ப் படிப்பித்துவிட்டு இரண்டு மணிக்கு வீட்டுக்கு வரும்போதும், முழங்கை மடிப்பில் சுத்தமான மர மணம் நிற்கும்.

வெட்டிவேரிலும் ஊர் வித்தியாசம் உண்டு. ஹெயிட்டியிலிருந்து வருவது துப்புரவான மணம், புகை குறைவு. ஜாவா வேரில் புகை தூக்கலாக இருக்கும். வட இந்தியாவில் காட்டு வேரைச் செப்பில் வடித்து எடுப்பதை "ரூ கஸ்" என்பார்கள். செப்பு படுவதால் அந்த எண்ணெய் பச்சை நிறமாக இருக்கும், மணத்தில் மண்ணும் பச்சையும் கூட. முதன்முதலில் வாங்குகிறவர் ஹெயிட்டி வேரில் தொடங்கினால் தொடக்க அடி கொஞ்சம் மெதுவாக விழும். ரூ கஸ் கிடைத்தால் விடாதீர்கள், ஆனால் அதன் விலைக்கு மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

மல்லிகை அத்தர் இதற்கு நேரெதிர். தொடக்கம் கொள்ளை அழகு. பின்னேரம் பறித்த மொட்டு மாலை மங்கும்போது விரிகிற மணம் அப்படியே வரும். எங்கள் குண்டுமல்லி இன அத்தரை வட இந்தியாவில் "மோதியா" என்றும், பிச்சி வகையை "சமேலி" என்றும் விற்பார்கள். குண்டுமல்லியில் ஒரு பச்சைத் தேயிலைக் குளிர்ச்சி இருக்கும். பிச்சியில் பழத்தின் இனிப்புக் கூட. இந்த மணங்களுக்கு உள்ளே இந்தோல் என்று ஒரு பொருள் இருக்கிறது. துளியளவில் இருக்கும்போதுதான் பூவுக்கு உயிர் வரும், கூடினால் பூச்சி உருண்டை மாதிரியும் அழுகல் மாதிரியும் மாறும். இரவு தலையில் வைத்த சரத்தை விடியக் கழற்றும்போது, பழுப்பேறின இதழில் ஒரு பாரமான, உடம்பு மணம் கலந்த வாசம் இருக்குமே, மல்லிகை அத்தர் இரண்டாம் மணித்தியாலத்தில் போய் நிற்பது அங்கேதான். குளிர்ந்த இரவில் அது மயக்கும். மத்தியான வெயிலில், நெருக்கமான பஸ்ஸில், பக்கத்து சீற்காரருக்குத் தலையிடிதான்.

ஆகவே மல்லிகை சூரியன் சாய்ந்த பிறகு. அளவும் முக்கியம். குப்பித் தண்டால் ஒரு தொடுகை போதும். இன்னொன்று, தலையில் உண்மையான பூச் சூடியிருந்தால் மல்லிகை அத்தர் பூசாதீர்கள். உயிருள்ள பூவுக்குப் பக்கத்தில் எந்த அத்தரும் தோற்றுப்போகும், இரண்டும் சேர்ந்தால் திகட்டும். மணப்பெண்ணுக்குச் சந்தனம் என்று நான் சொன்னதன் காரணம் இதுதான். அவளின் கொண்டையிலும் மாலையிலும் பூ இருக்கிறது, சுற்றிவர ஓமப் புகையும் சாம்பிராணியும் இருக்கின்றன. தோலில் சந்தனம் இருந்தால் அது எல்லாவற்றையும் கீழேயிருந்து தாங்கும், எதோடும் சண்டை போடாது.

மண் அத்தரைப் பற்றி எழுதும்போது எனக்கே கொஞ்சம் மனம் இளகுகிறது. சுட்ட களிமண்ணை மேலே சொன்ன மாதிரியே காய்ச்சிச் சந்தனத்தில் இறக்குவார்கள். மூடியைத் திறந்தால் ஐப்பசி முதல் மழை முறிகண்டிச் செம்மண்ணில் விழுந்த மணம். இந்த மழை மணத்தை ஆராய்ந்த அவுஸ்திரேலிய விஞ்ஞானிகள் இசபெல் ஜோய் பெயார் (Bear) என்பவரும் ரிச்சர்ட் தோமஸும் 1964ஆம் ஆண்டு அதற்குப் பெட்ரிக்கோர் என்று பெயர் வைத்தார்கள். காய்ந்த மண்ணிலும் கல்லிலும் படிந்த எண்ணெய்ப் பொருட்களோடு, மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மினும் சேர்ந்ததுதான் நாங்கள் முகர்கிற மழை மணம். ஜியோஸ்மினை மனித மூக்கு நம்பமுடியாத அளவு சின்னத் துளியிலும் பிடித்துவிடும். எட்ட இருக்கிற சொந்தக்காரர்களுக்கு, இரணைமடுவும் வயலும் நினைவில் நிற்கிறவர்களுக்கு, இதைவிட நல்ல பரிசு எனக்குத் தோன்றவில்லை. ஆனால் பூசுகிற வாசனை என்று பார்த்தால் இது அரை மணி நேர விருந்து. மண் போய்விடும், மிஞ்சுவது அடியில் உள்ள சந்தனம். அடி எண்ணெய் பரஃபின் என்றால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. கலியாணத்துக்கென்று காசு செலவழித்து வாங்குகிறவருக்கு இதைச் சொல்லமாட்டேன்.

ஊத் விஷயத்தில் என் கருத்துக் கடுமையானது. நல்ல ஊத் பெரிய பொருள், அதில் மறுப்பில்லை. அகில் மரத்தில் காயம் பட்டுப் பூஞ்சணம் ஏறும்போது மரம் சுரக்கிற பிசினிலிருந்து வருவது. தொடக்கத்தில் மாட்டுத் தொழுவமும் பதப்படுத்தின தோலும் மாதிரி இருக்கும், பிறகு தேன், பழைய மரம், புகை என்று மணித்தியாலக் கணக்கில் திறந்துகொண்டே போகும். வளைகுடாவில் வேலை செய்கிறவர்கள் விடுமுறைக்கு வரும்போது கொண்டுவந்து தருவது பெரும்பாலும் இதுதான், அல்லது ஊத் என்று பெயர் போட்ட கலவை. அங்கே இரவில், ஏசி அறையில், நீண்ட உடுப்பின் மேல் பூசுகிறார்கள். இங்கே முப்பத்தைந்து பாகை வெயிலில் வெறும் தோலில் பூசினால் அந்தத் தொழுவக் கட்டம் இரண்டு மடங்காகப் பெருகி முன்னுக்கு வந்து நிற்கும். கிடைத்ததை வீணாக்கவேண்டாம், மார்கழி, தை இரவுகளுக்கு வைத்திருங்கள். அப்போது பாருங்கள் அதன் அழகை. எங்கள் நாட்டு ஈரவலயக் காடுகளில் உள்ள வல்லப்பட்டை மரத்திலும் இந்த வகைப் பிசின் உண்டு. காட்டில் வெட்டுவதும் கடத்துவதும் குற்றம், ஆகவே யாராவது ஒளித்துக் கொண்டுவந்து விற்றால் வாங்காதீர்கள்.

குளிர் நாட்டிலிருந்து வருகிற பரிசுக்கும் இதே கதைதான். ரொறன்ரோவில் பனிக்காலத்தில் பூசிப் பார்த்து, நல்லாயிருக்கு என்று மாமி வாங்கி அனுப்பும் வனிலா, கஸ்தூரிக் கலவைகள் இங்கே பாணியாகிவிடும். செயற்கைக் கஸ்தூரியில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சில வகைக் கஸ்தூரி மணம் சிலருடைய மூக்குக்குத் தெரியவே தெரியாது. அவர்கள் மணக்கவில்லை என்று மேலும் மேலும் பூசுவார்கள், பக்கத்தில் உள்ளவர்கள் தவிப்பார்கள். புதுக் கலவை வாங்கினால் வீட்டில் இன்னொருவரை முகரச் சொல்லுங்கள். றோசாவும் தாழம்பூவும் மோசமில்லை. ஆனால் தாழம்பூ கூர்மையானது, தனியாக ஒரு நாள் முழுக்கத் தாங்குவது கஷ்டம்.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாடாதீர்கள். எலுமிச்சை, தேசிக்காய், பேர்கமொட் (எலுமிச்சை இனப் பழம் ஒன்று) தோலைப் பிழிந்து எடுக்கிற எண்ணெய்களில் வெயில் பட்டால் தோலைச் சுடுகிற பொருட்கள் இருக்கின்றன. வாசனைத் துறையின் சர்வதேச விதிகளே, வெயில் படுகிற தோலில் பேர்கமொட் எண்ணெய் 0.4 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்கின்றன. வீட்டில் கலந்து விற்கிறவர்கள் எல்லாரும் இதைப் பார்ப்பதில்லை. கைமணிக்கட்டில் பூசிக்கொண்டு ஏ9 வீதியில் ஒரு மணி நேரம் மோட்டார் சைக்கிள் ஓடினால் கொப்புளமும், மாதக்கணக்கில் மாறாத கறுப்புத் தழும்பும் வரலாம். அப்படியான எண்ணெய் இருந்தால் உடுப்புக்கு உள்ளே மறைகிற இடத்தில் மட்டும் பூசுங்கள். கறுவாப்பட்டை எண்ணெயையும் கராம்பு எண்ணெயையும் கலக்காமல் தோலில் வைக்கவே கூடாது. எந்த எண்ணெயாக இருந்தாலும், கலியாணத்துக்கு முதல் நாள் அல்ல, ஒரு கிழமைக்கு முன்னமே முழங்கை உட்பக்கத்தில் ஒரு சொட்டுப் பூசி இரண்டு நாள் பாருங்கள். சிவந்து கடித்தால் அது உங்களுக்கு இல்லை.

பூசுகிற முறையிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். குளித்துத் துடைத்த உடனே, தோல் மெல்லிய ஈரத்தோடு இருக்கும்போது பூசினால் நீண்ட நேரம் நிற்கும். வறண்ட தோல் மணத்தைப் பிடித்து வைக்காது. கோடையில் கைகால் வெடிக்கிறவர்கள் மணமில்லாத ஏதாவது எண்ணெயை முதலில் மெல்லிசாகத் தடவலாம். தேங்காய் எண்ணெய்க்கே சொந்த மணம் உண்டு, சந்தனத்தோடு ஒத்துப்போகும், வெட்டிவேரோடு சண்டை பிடிக்கும். இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துத் தேய்க்கிற பழக்கத்தை விடுங்கள், தேய்க்கிற சூட்டில் இலேசான மணங்கள் சீக்கிரம் போய்விடும். பட்டுச் சீலையிலும் வெள்ளை வேட்டியிலும் படவிடாதீர்கள், எண்ணெய்க் கறை போகாது.

வாங்கும்போது சின்னக் குப்பியில் தொடங்குங்கள். அத்தர் வழக்கமாக 3, 6, 12 மில்லிலீற்றர் குப்பிகளில் வரும். நாளுக்கு ஒரு தொடுகை என்றால் 3 மில்லிலீற்றரே பல கிழமைகளுக்குக் காணும். வவுனியாவிலும் மன்னாரிலும் பள்ளிவாசலை அண்டிய கடைகளில் அத்தர் தெரிந்த கடைக்காரர்கள் இருப்பார்கள், கையில் தடவிப் பார்க்கக் கேட்டால் முகம் சுளிக்கமாட்டார்கள். காலமை கடைக்குப் போய் ஒரு கையில் ஒன்று, மற்றக் கையில் ஒன்று, அதற்கு மேல் வேண்டாம். மூன்றாவது நாலாவது என்று போனால் மூக்கு மரத்துவிடும். கோப்பிக் கொட்டையை முகர்ந்தால் மூக்குத் தெளியும் என்பார்கள். 2011இல் வெளியான ஓர் ஆய்வில் சாதாரணக் காற்றைவிட அது மேல் என்று காணப்படவில்லை. வெளியே வந்து நல்ல காற்றில் நின்றாலே போதும். காசு கொடுக்காமல், சந்தைக்குப் போய் வேலையெல்லாம் முடித்து, வெயில் பட்டு வியர்த்துவிட்டு, பின்னேரம் இரண்டு கையையும் முகர்ந்து பாருங்கள். எந்தக் கைக்கு மூக்கு திரும்பத் திரும்பப் போகிறதோ அந்த எண்ணெயை வாங்கலாம்.

மச்சாளின் கேள்விக்கு வருவோம். ஒரே குப்பிதான் என்று அவள் பிடிவாதமாக நின்றால் நான் வெட்டிவேர் பக்கம்தான் சாய்வேன், ஏனென்றால் கலியாணம் ஒரு நாள், பள்ளிக்கூடம் வருடம் முழுக்க. ஆனால் 3 மில்லிலீற்றர் சந்தனமும் 6 மில்லிலீற்றர் வெட்டிவேரும் வாங்க முடிந்தால் அதுதான் சரியான வழி. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று பூசலாம் என்பது கூடுதல் வசதி. முதலில் ஒரு தொடுகை சந்தனம், அதன் மேல் அரைத் தொடுகை வெட்டிவேர். வேரின் பச்சை அடி மெதுவாகி, சந்தனத்துக்குக் கொஞ்சம் முதுகெலும்பு வரும். மாப்பிள்ளைக்கும் இதையே கொடுக்கலாம். வட்டாப்பளைப் பொங்கல் மாதிரி வைகாசி வெக்கையில் சன நெரிசலுக்குள் நிற்கிற நாட்களில் வெட்டிவேரைத் தனியாகப் பூசினால் போதும்.

வாங்கிய பிறகு தகரக் கூரை வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் வைத்துவிடாதீர்கள், மத்தியானத்தில் அங்கே அடுப்புச் சூடு. கறுத்த கண்ணாடிக் குப்பியில், மூடியை இறுக்கி, அடித்தட்டில் துணிகளுக்கு நடுவே வையுங்கள். பூவும் எலுமிச்சையும் கலந்தவற்றை ஒரு வருடத்துக்குள் பாவித்து முடிக்கப் பாருங்கள், பழசானால் தோலில் கடிக்கத் தொடங்கும். சந்தனமும் வெட்டிவேரும் வருடக்கணக்கில் கிடக்கலாம், நன்றாக மூடி வைத்தால் மணம் இன்னும் இளகி நல்லதாகும்.